அம்மாவுக்கு அரை மணி நேரம்: சின்னச் சந்தோஷம் எப்படி மருத்துவ விஷயமாகிறது

பிரசவம் முடிந்து சில வாரங்களில் பரிசோதனைக்குப் போகும் பெண்ணிடம், "போன வாரம் எதையாவது ரசிச்சீங்களா? சிரிச்சீங்களா?" என்று டாக்டர் கேட்பதுண்டு. கூட வந்தவர்கள் இதை உபசாரப் பேச்சு என்று நினைத்துக்கொள்கிறார்கள். தூக்கமில்லை, உடம்பெல்லாம் வலி என்று போன ஐம்பது வயது அம்மாவிடம், "தினமும் கொஞ்சம் நடங்க, பாட்டு கேளுங்க, பிடிச்சவங்ககிட்ட பேசுங்க" என்று சொல்லி அனுப்பினால், மாத்திரை தராத டாக்டர் என்ன டாக்டர் என்று வீட்டில் முணுமுணுப்பு. இன்னொரு பக்கம், மே மாதம் வந்தால் அன்னையர் தின விளம்பரங்கள் அதே சந்தோஷத்தைப் புடவையாகவும் மசாஜ் கூப்பனாகவும் விற்கின்றன. கர்நாடகத்தில் 2023 ஜூனில் பெண்களுக்கு இலவச பஸ் வந்தபோது, "சும்மா ஊர் சுத்துறாங்க" என்ற புகாரும் கூடவே வந்தது.

இவையெல்லாம் தனித்தனி விஷயங்கள் மாதிரித் தெரிந்தாலும் அடியில் இருப்பவை இரண்டே கேள்விகள்தான். அம்மாவின் அன்றாடச் சந்தோஷம் உடம்பிலும் மனதிலும் என்ன செய்கிறது? அதற்கான நேரம் யாருடைய கணக்கில் வருகிறது? பெங்களூர்த் தமிழ்க் குடும்பங்களை வைத்து இதைப் பார்க்கலாம்.

டாக்டர் ஏன் சிரிப்பைப் பற்றிக் கேட்கிறார்

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வைக் கண்டுபிடிக்க உலகம் முழுக்கப் பயன்படுவது எடின்பரோ அளவுகோல். 1987-ல் வந்தது. கடந்த ஏழு நாட்களைப் பற்றிய 10 கேள்விகள் அதில் உண்டு. முதல் கேள்வி, சிரிக்க முடிந்ததா, விஷயங்களின் வேடிக்கையான பக்கம் கண்ணில் பட்டதா என்பது. இரண்டாவது, வரப்போகிற எதையாவது ஆசையோடு எதிர்பார்த்தீர்களா என்பது. அழுகை வருகிறதா என்ற கேள்வி ஒன்பதாவதாகத்தான் வருகிறது.

மனச்சோர்வு நோயை மருத்துவர்கள் வரையறுக்கும் விதமும் இப்படித்தான். இரண்டு வாரமாகப் பெரும்பாலான நேரம் மனம் துவண்டிருக்க வேண்டும்; அல்லது எதிலும் ஆர்வமோ இன்பமோ இல்லாமல் போயிருக்க வேண்டும். இந்த இரண்டில் ஒன்றாவது இருந்தால்தான் மற்ற அறிகுறிகளைச் சேர்த்துப் பார்த்து நோய் என்று சொல்வார்கள். இரண்டாவதற்கு அன்ஹிடோனியா என்று பெயர். "எதுலயும் மனசு ஒட்டல" என்று வீட்டில் சொல்வது கிட்டத்தட்ட அதேதான். அழாத, புலம்பாத, வேலையெல்லாம் சரியாகச் செய்கிற அம்மாவுக்கும் இது இருக்கலாம். இட்லி வழக்கம்போல மல்லிகைப்பூவாக வரும். அவருக்கு மட்டும் சாப்பிடத் தோன்றாது. அதனால்தான் பலர் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-ல் வெளியான தொகுப்பு, பிரசவித்த பெண்களில் சுமார் 22 சதவீதம் பேருக்கு மனச்சோர்வு என்றது. ஐந்தில் ஒருவருக்கும் மேல்.

சுழல் எப்படிச் சுற்றுகிறது

பீட்டர் லெவின்சன் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970-களில் ஒரு எளிய விளக்கம் தந்தார். மனச்சோர்வால் சந்தோஷமான செயல்கள் குறைவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தச் செயல்கள் குறைவதே மனச்சோர்வை வளர்க்கவும் செய்கிறது என்றார் அவர். ஓர் அம்மாவின் நாளில் வைத்துப் பார்த்தால் அது இப்படிப் போகும்:

1. வேலை கூடுகிறது, அல்லது உடம்பு தளர்கிறது. ஸ்கூல் வேன், மதியச் சாப்பாடு, மாமனாரின் மாத்திரை எதையும் வெட்ட முடியாது. வெட்ட முடிந்தது அவருக்குப் பிடித்த விஷயம் மட்டும். சாயங்காலக் கோயில், தங்கையோடு ஃபோன், மொட்டைமாடிச் செடிகள் எல்லாம் நிற்கின்றன.

2. அதனால் நாளில் மனதுக்குத் தெம்பு தரும் இடங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போகின்றன. உழைப்பு அப்படியே இருக்கிறது.

3. சோர்வு வருகிறது. பேசப் பிடிப்பதில்லை. அழைப்பு வந்தால், "அப்புறம் கூப்பிடறேன்."

4. அழைத்தவர்களும் மெல்ல நிறுத்திக்கொள்கிறார்கள். இப்போது ஆசை வந்தாலும் போக இடமில்லை, பேச ஆளில்லை. சுழல் மறுபடி முதல் படிக்கு வருகிறது.

இதை உடைக்கும் சிகிச்சைக்குப் பிஹேவியரல் ஆக்டிவேஷன் என்று பெயர். தமிழில் செயலூக்கச் சிகிச்சை எனலாம். மனசு சரியானால் செய்யலாம் என்று காத்திருக்காமல், முதலில் செய்துவிட்டு மனசு பின்னால் வருகிறதா என்று பார்ப்பதுதான் முறை. என்ன, எப்போது, செய்தபின் எப்படி இருந்தது என்று எழுதிவைக்கச் சொல்வார்கள். நீல் ஜேக்கப்சன் என்ற உளவியலாளரின் குழு 1996-ல் வெளியிட்ட ஆய்வில், எண்ணங்களை மாற்றும் முழுச் சிகிச்சைக்கு இணையாக இந்தச் செயல் பகுதி மட்டுமே பலன் தந்தது.

நம் நாட்டிலும் சான்று இருக்கிறது. கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, மனச்சோர்வு கடுமையாக இருந்த 495 பேரை வைத்து ஒரு சோதனை நடந்தது. மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் இந்த முறையைத் தந்தார்கள். நல்ல பலன் இருந்ததென்று 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது.

பாகிஸ்தானில் ராவல்பிண்டி அருகே கிராமங்களில் நடந்து 2008-ல் வெளியான ஆய்வு இன்னும் சுவாரசியம். சுகாதாரப் பணியாளர்கள் வீட்டுக்கே போய் அம்மாக்களோடு பேசினார்கள். எண்ணம், செயல், சுற்றியிருப்பவர்களின் துணை எல்லாம் அதில் சேர்த்தி. குழந்தைக்கு ஆறு மாதமானபோது, இந்த உதவி கிடைத்த அம்மாக்களில் 23 சதவீதம் பேருக்குத்தான் மனச்சோர்வு தொடர்ந்தது. மற்றவர்களில் 53 சதவீதம். வீட்டில் இருந்தவர்களிடம் இதைக் "குழந்தையின் நலனுக்காக" என்று சொல்லித்தான் உள்ளே நுழைந்தார்கள். அம்மாவின் நலனுக்காக என்று மட்டும் சொல்லியிருந்தால் எத்தனை வீட்டில் கதவு திறந்திருக்கும் என்பது வேறு கதை.

பெரிய பரிசு ஏன் சீக்கிரம் தீர்ந்துபோகிறது

மனம் எதற்கும் பழகிவிடும். புதுப் பட்டுப்புடவை தரும் மகிழ்ச்சி பீரோவுக்குள் போன கொஞ்ச நாளில் மங்கிவிடுகிறது. மகிழ்ச்சியை ஆராய்ந்த எட் டீனர் 1991-லேயே சொன்னது இது: நல்ல உணர்வு எவ்வளவு பலமாக வந்தது என்பதைவிட, எத்தனை அடிக்கடி வந்தது என்பதே ஒருவருடைய மகிழ்ச்சியை அதிகம் தீர்மானிக்கிறது. வருடத்துக்கு ஒரு ஊட்டிப் பயணத்தைவிட, வாரத்தில் நான்கு நாள் சாயங்காலம் அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு நடை அதிகம் தரும்.

2004-ல் டேனியல் கானமன் என்ற உளவியலாளரின் குழு டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்களிடம் முந்தைய நாளை நிகழ்வு நிகழ்வாக நினைவுகூரச் சொல்லி, ஒவ்வொரு நேரத்திலும் எப்படி உணர்ந்தார்கள் என்று கேட்டது. நண்பர்களோடு இருப்பது, ஓய்வு, பிரார்த்தனை, சாப்பாடு எல்லாம் மேலே இருந்தன. பிள்ளைகளைக் கவனிப்பது பட்டியலில் கீழே, வீட்டு வேலைக்குச் சற்று மேலே. கடைசி இடம் வேலைக்குப் போய்வரும் பயணத்துக்கு. அந்த ஆய்வு வந்தபோது பலருக்குக் கோபம். ஆனால் அதில் அன்பைப் பற்றி ஒன்றும் இல்லை. பிள்ளை மேல் உயிரையே வைத்திருக்கலாம். அவனுக்கு ஒன்றரை மணி நேரம் சோறூட்டுவது வேலைதான். "பிள்ளைங்க முகத்தைப் பார்த்தாலே அம்மாவுக்குப் போதும்" என்று சொல்லி நாம் தப்பிக்கும் இடம் இது.

காபி ஏன் ஆறிப்போகிறது

பிரச்சினையின் மையம் இங்கேதான். மத்திய புள்ளியியல் துறையின் 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யும் பெண்கள் ஒரு நாளைக்கு அதற்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். ஆண்கள் 88 நிமிடம். இந்த 88 கூட வீட்டு வேலையில் கை வைக்கிற ஆண்களின் சராசரி. கையே வைக்காதவர்கள் அதில் சேரவில்லை. 15 முதல் 59 வயதுக்காரர்களில், பிள்ளைகளையும் முதியவர்களையும் கவனிப்பதற்கு அந்த வேலையைச் செய்யும் பெண்கள் 140 நிமிடமும் ஆண்கள் 74 நிமிடமும் தருகிறார்கள்.

நிமிடக் கணக்கில் தெரியாத இன்னொன்று உண்டு. மர்ஃபி டவுனில் ஒரு வாடகை வீட்டைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். காலை ஐந்தே முக்கால். தெருமுனைக் கடையில் சிக்கரி குறைத்து அரைத்து வாங்கிய தூளில் டிகாக்‌ஷன் இறங்கியிருக்கிறது. நந்தினி பால் பொங்குகிறது. முதல் டம்ளர் மாமனாருக்கு, இரண்டாவது கணவருக்கு. மூன்றாவது அவருடையது, ஆற்றி மேடையில் வைக்கிறார். குழாயில் தண்ணீர் வரும் சத்தம். இன்றைக்கு விட்டால் நாளை மறுநாள்தான். ட்ரம்மை நிரப்பிவிட்டுத் திரும்பினால், "அம்மா, என் பெல்ட் எங்கே?" குக்கர் மூன்றாவது விசில். டம்ளரைக் கையில் எடுக்கும்போது மேலே ஆடை படிந்திருக்கிறது. விரலால் ஒதுக்கிவிட்டு, நின்றபடியே ஒரே மடக்கில் குடித்து முடிக்கிறார்.

காபி குடித்தாரா என்றால் குடித்தார். கணக்கெடுப்பில் அது சாப்பாட்டு நேரமாகக்கூடப் பதிவாகும். ஆனால் ரசிப்பதற்குக் கவனம் வேண்டும். கவனம் மூன்று பக்கம் சிதறிக் கிடந்தால், நாக்கில் பட்ட இன்பம் மனதில் பதிவதில்லை. அமெரிக்காவில் 2003-ல் மாட்டிங்லி, பியாங்கி என்ற இரு சமூகவியலாளர்கள் இதைத்தான் காட்டினார்கள்: பெண்களுக்குக் கிடைக்கும் ஓய்வு ஆண்களுடையதைவிடக் குறைவு, அதிலும் இடையூறு அதிகம், வேறு வேலையோடு கலந்தது. மொத்தம் இரண்டு மணி நேரம் "சும்மா" இருந்தாலும், அது பத்துப் பத்து நிமிடத் துண்டுகளாக இருந்தால் இரண்டு மணி நேரத்தின் பலன் வராது.

ஃபோன் ஏன் இவ்வளவு பிடித்துக்கொள்கிறது என்பதற்கும் இங்கே பாதிப் பதில் இருக்கிறது. எந்த நொடியிலும் கீழே போட்டுவிடக்கூடிய பொழுதுபோக்கு அதுதான். மீதிப் பதில் மூளையில். ஒன்றை வேண்டும் வேண்டும் என்று தேடுவதும், கிடைத்ததை ரசிப்பதும் மூளையில் ஓரளவு வெவ்வேறு ஏற்பாடுகள் என்று கென்ட் பெரிட்ஜ் என்ற மூளை ஆய்வாளரின் ஆய்வுகள் காட்டின. டோபமைன் என்ற மூளை ரசாயனம் முக்கியமாகத் தேடலின் பக்கம் நிற்கிறது. ரீல்ஸை அடுத்து, அடுத்து என்று தள்ளிக்கொண்டே போய், கடைசியில் ஒன்றும் நினைவில்லாமல் கண் எரிச்சலோடு எழுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதே ஃபோனில் வேலூரில் இருக்கும் அக்காவோடு கால் மணி நேரம் சிரித்துப் பேசுவது முற்றிலும் வேறு. எது பலன் தந்தது என்று தெரிய ஒரே சோதனை போதும்: முடித்து எழும்போது லேசாக இருக்கிறதா, கனமாக இருக்கிறதா?

பேரனைப் பார்த்துக்கொள்ள வந்த அம்மா

பெங்களூரில் தனியாகக் கவனிக்க வேண்டிய ஒரு கூட்டம் இருக்கிறது. சர்ஜாபூர் சாலை, ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி அடுக்குமாடிகளில், பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளத் திருநெல்வேலியிலிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும் வந்து தங்கியிருக்கும் அம்மாக்கள். மகனும் மருமகளும் ஐடியில். வீட்டில் ஏசி, வாஷிங் மெஷின், பாத்திரம் தேய்க்க ஆள், எல்லாம் உண்டு. "அம்மாவுக்கு என்ன குறை, ராணி மாதிரி இருக்காங்க" என்று மகன் உண்மையாகவே நம்புகிறார்.

ஊரில் அந்த அம்மாவின் நாள் எப்படி இருந்தது என்று எழுதிப் பார்த்தால் குறை எங்கே என்று தெரியும். வாசலில் கோலம் போடும்போது எதிர்வீட்டு மதினியோடு நாலு பேச்சு. பூக்காரம்மாவிடம் முழத்துக்குப் பேரம். ரேஷன் கடை வரிசையில் ஊர் வம்பு. வெள்ளிக்கிழமை அம்மன் கோயில். இவற்றை யாரும் "பொழுதுபோக்கு" என்று சொன்னதில்லை. வேலைக்கு நடுவே தானாக வந்தவை. பதினோராவது மாடிக்கு வந்ததும் ஒரே நாளில் அத்தனையும் போய்விட்டன. வேலை மட்டும், அதுவும் கைக்குழந்தை வேலை, மிச்சம். கன்னடம் தெரியாது, இந்தியும் தெரியாது. லிஃப்டில் பார்ப்பவரிடம் புன்னகைக்கலாம், அவ்வளவுதான்.

இவருக்குப் புடவை வாங்கித் தருவது உதவாது. போன விஷயங்கள் ஒவ்வொன்றும் என்ன தந்தனவோ, அதை இங்கே எது தரும் என்று தேட வேண்டும். தமிழ்ப் பேச்சுத் துணைக்குப் பெங்களூரில் பஞ்சமே இல்லை. அல்சூர், சிவாஜிநகர், ஆஸ்டின் டவுன், ஸ்ரீராமபுரம் எல்லாம் தலைமுறைகளாகத் தமிழ் புழங்கும் இடங்கள். அல்சூர் ஏரிக்கரையில் 2009-ல் திறந்த திருவள்ளுவர் சிலையும், பக்கத்திலேயே தமிழ்ச் சங்கமும் இருக்கின்றன. அவ்வளவு தூரம் வேண்டாம் என்றால், அதே அடுக்குமாடியில் சாயங்காலம் தள்ளுவண்டியோடு கீழே இறங்கும் பாட்டிகளில் ஒரு தமிழ்ப் பாட்டியாவது நிச்சயம் இருப்பார். அறிமுகம் செய்துவைப்பதற்கு மகனுக்குப் பத்து நிமிடம் ஆகும்.

பூவைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாசனை மூளைக்குப் போகும் வழி மற்ற புலன்களிலிருந்து வேறுபட்டது. தலாமஸ் என்ற இடைநிலையத்தில் முதலில் நிற்காமல், உணர்ச்சியையும் நினைவையும் கையாளும் பகுதிகளுக்கு நேராகப் போகிறது. மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸிலோ காந்தி பஜாரிலோ வாங்கிய ஒரு முழம் மல்லி, சொந்த ஊர் ஞாபகத்தைச் சட்டென்று கிளப்புவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

"சும்மா ஊர் சுத்துறாங்க"

2023 ஜூன் 11-ல் தொடங்கிய சக்தி திட்டத்தில், கர்நாடக முகவரி உள்ள பெண்கள் சாதாரண அரசு பஸ்களில் டிக்கெட் காசில்லாமல் போகலாம். ஏசி பஸ்ஸுக்குக் கிடையாது. தமிழ்நாட்டில் 2021-லிருந்தே நகரப் பேருந்துகளில் இதுபோல உண்டு.

காசு மிச்சம் என்பது பாதிதான். சொந்த வருமானம் இல்லாத அம்மா பஸ்ஸுக்குக் காசு கேட்டால் "எங்கே, எதுக்கு" என்ற கேள்வி வரும். "சும்மா" என்று பதில் சொல்ல முடியாது. டிக்கெட் காசு இல்லையென்றால் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. சிவாஜிநகரிலிருந்து மல்லேஸ்வரம் போய், கோயிலுக்கு ஒரு நடை, தர்ஷினியில் (நின்றபடி சாப்பிடும் சின்ன ஓட்டல்) நாத்தனாரோடு ஒன்றை இரண்டாகப் பகிரும் பை-டூ காபி, இருட்டுவதற்குள் வீடு. மேலே சொன்ன செயலூக்கச் சிகிச்சையில் ஆலோசகர் எழுதித் தரும் வாராந்திரத் திட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். ஊர் சுற்றுவதைக் குறையாகச் சொல்பவர்கள், ஆண்கள் டீக்கடை வாசலில் நிற்பதற்கு எந்தக் காரணமும் கேட்டதில்லை.

பூங்காவும் அப்படியே. பெங்களூர் மாநகராட்சிப் பூங்காக்கள் பல காலமாக முற்பகலில் பூட்டப்பட்டு மதியத்துக்குப் பின்தான் திறந்தன. பிள்ளைகளை அனுப்பி, சமையல் முடித்து, ஓர் அம்மா அன்றைக்கு முதன்முறையாக வெளியே வரக்கூடிய நேரம் சரியாக அந்தப் பூட்டியிருக்கும் நேரம்தான். காலை 5 முதல் இரவு 10 வரை திறந்திருக்கும் என்ற அறிவிப்பு 2024-ல் வந்தது. சுத்தமான கழிப்பறை மட்டும் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்த அறிவிப்பால் பாதி அம்மாக்களுக்குப் பயனில்லை.

வீட்டில் யார் என்ன செய்வது

1. நேரத்தைக் குறிப்பாகத் தர வேண்டும். "நீ ரெஸ்ட் எடு" என்பது வெறும் வார்த்தை. "ஆறிலிருந்து ஆறரை வரை குழந்தை என்கிட்ட, கதவை யாரும் தட்டமாட்டாங்க" என்பது நேரம்.

2. அந்த அரை மணிக்குப் பின் வேலை குவிந்து கிடக்கக் கூடாது. திரும்பி வந்ததும் இரண்டு மடங்கு பாத்திரம் காத்திருக்கும் என்று தெரிந்தால் யாரும் நிம்மதியாக நடக்கமாட்டார்கள்.

3. எது பிடிக்கும் என்று அவர்தான் சொல்ல வேண்டும். யோகா வகுப்பில் மகள் பணம் கட்டிவிட்டுப் போ போ என்று தள்ளினால் அதுவும் இன்னொரு கடமை. சிலருக்கு அரை மணி நேரம் கதவைச் சாத்திப் படுத்திருப்பதே போதும். "எனக்கென்ன, ஒண்ணும் வேண்டாம்" என்று பதில் வந்தால், கல்யாணத்துக்கு முன் என்ன செய்வீர்கள் என்று கேட்டுப் பாருங்கள்.

4. சின்னதாகத் தொடங்கலாம்.

இது போதாத இடங்கள்

பீன்யாவில் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் நின்றுவிட்டு வந்து சமைக்கும் பெண்ணிடம் பூ வாங்குங்கள், பாட்டு கேளுங்கள் என்பது கிண்டல். அங்கே தேவை வேலை நேரமும் கூலியும் குழந்தைகள் காப்பகமும். வீட்டில் அடி விழுகிறது என்றால் அதற்கு மருந்து பூங்கா நடை இல்லை.

நோய் என்றாலும் தனிக் கணக்கு. பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம். இரண்டு வாரத்தில் தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால், பிடித்ததைச் செய்தும் ஒன்றும் உறைக்கவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். குழந்தை தூங்கினாலும் தூக்கமே வராமல், குழப்பமாகப் பேசுவது, இல்லாத குரல் கேட்பது, தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோம் என்ற எண்ணம் வருவது எல்லாம் அவசரம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 அக்டோபரிலிருந்து நாடு முழுக்க இயங்குகிறது. எந்த நேரமும் கூப்பிடலாம், கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் 2009-லிருந்து தாய்-சேய் மனநலப் பிரிவு இருக்கிறது. அங்கே அம்மாவைச் சேர்க்கும்போது குழந்தையையும் கூடவே சேர்த்துக்கொள்கிறார்கள். பால் குடிக்கும் பிள்ளையை வீட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டியதில்லை.